கீழே இயங்குதளம் இல்லாதபோது: கம்பைலர் ஆப்ஷன்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சொந்தமாகச் சிறு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுவதைப் பற்றி வெளியான கட்டுரைக்குப் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை நிரலைப் பற்றியவை அல்ல. அந்த நிரலைக் கம்பைலரிடம் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) கொடுக்கும் கட்டளை வரியைப் பற்றியவை. எனவே இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்கள் ஜிசிசி கம்பைலரை வைத்துச் சொல்லப்பட்டவை. ஆப்ஷன்களின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் அச்சிடுகிறோம். தட்டச்சிடும்போது ‘எஃப்’, ‘எம்’ என்ற முன்னெழுத்தை அடுத்த சொல்லோடு ஒட்டியும், அதற்கு முன் ஓர் இடைக்கோடு இட்டும் எழுத வேண்டும். பொதுவாக, எஃப் என்று தொடங்குபவை எல்லா வகைக் கணினிக்கும் உரியவை. எம் என்று தொடங்குபவை குறிப்பிட்ட பிராசஸர் வகைக்கு மட்டும் உரியவை. ஓ0, ஓ1, ஓ2, ஓ3 என்பவை நிரலைக் கம்பைலர் எவ்வளவு மேம்படுத்த வேண்டும் என்று சொல்லும் படிகள்.

*

கேள்வி: பொறியியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக 32 பிட் கர்னல் ஒன்றை எழுதுகிறேன். சீனியர் ஒருவர் கொடுத்த மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) ஆப்ஷன்கள் ஒரு வரி நீளத்துக்கு இருக்கின்றன. அப்படியே வைத்தால் ஓடுகிறது. ஒன்றை எடுத்தால் ஏதாவது உடைகிறது. வைவாவில் “இவை எதற்கு?” என்று கேட்டால் என்ன சொல்வது?
– மாணவி, லாஸ்பேட்டை

பதில்: கம்பைலர் தன்னிடம் வரும் ஒவ்வொரு நிரலும் ஏதோ ஓர் இயங்குதளத்தின்மேல் ஓடப்போகிறது என்று எடுத்துக்கொண்டே வேலை செய்கிறது. கீழே நூலகம் இருக்கும், நிரலைத் தொடங்கி வைக்க ஆள் இருக்கும், தவறு நேர்ந்தால் தகவல் சொல்ல இடம் இருக்கும் என்பவை அதன் அனுமானங்கள். உங்கள் கர்னலுக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை. அந்த மேக்ஃபைலில் உள்ள ஆப்ஷன்களில் பெரும்பாலானவை இந்த அனுமானங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறுபவை. எந்த ஆப்ஷன் எந்த அனுமானத்தைத் திரும்பப் பெறுகிறது என்று சொல்லிவிட்டால் வைவாவில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

முதலில் வருவது எஃப்-ஃப்ரீஸ்டாண்டிங். சி மொழியின் தரநிலையே இருவகைச் சூழல்களைப் பிரித்துப் பேசுகிறது: முழு நூலகமும் கிடைக்கும் சூழல் ஒன்று, அது கிடைக்காத தனித்த சூழல் மற்றொன்று. இந்த ஆப்ஷனைக் கொடுத்தால் நீங்கள் இரண்டாவது சூழலில் இருப்பதாகக் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். அப்போதும் எஸ்டிடி-இன்ட், எஸ்டிடி-டெஃப், எஸ்டிடி-ஆர்க், லிமிட்ஸ் போன்ற சில தலைப்புக் கோப்புகளை நீங்கள் பயன்படுத்தலாம். அவற்றில் வகைகளும் எண்ணளவுகளும்தான் இருக்கின்றன, நூலக நிரல் எதுவும் இல்லை. பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்றும் உண்டு. தனித்த சூழலிலும் மெம்காபி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கு செயற்கூறுகளை நீங்களே எழுதித் தர வேண்டும் என்று ஜிசிசி எதிர்பார்க்கிறது. நிரலில் நீங்கள் அவற்றை அழைக்காவிட்டாலும், ஒரு பெரிய ஸ்ட்ரக்சரை இன்னொன்றுக்கு ஒதுக்கும் ஒரு வரிக்காகக் கம்பைலர் தானே மெம்காபியை அழைக்கக்கூடும்.

நோ-எஸ்டிடி-லிப் என்பது, கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்கான செய்தி: வழக்கமான தொடக்கக் கோப்புகளையும் நூலகங்களையும் சேர்க்காதே என்கிறது. அதனோடு லிப்-ஜிசிசி என்ற கம்பைலரின் சொந்தத் துணை நூலகமும் விட்டுப்போவதால், 32 பிட் கர்னலில் 64 பிட் எண்ணை வகுக்கும் இடத்தில் லிங்கர் நிற்கும். அந்த வகுத்தலுக்கு நேரடிக் கட்டளை இல்லாததால் கம்பைலர் லிப்-ஜிசிசியில் உள்ள செயற்கூறு ஒன்றை அழைக்கிறது. கட்டளை வரியின் கடைசியில் லிப்-ஜிசிசியை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மற்ற இரண்டும் உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் இயல்பமைவால் வருபவை. எஃப்-நோ-ஸ்டாக்-ப்ரொடெக்டர் இல்லாவிட்டால், ஸ்டாக் (செயற்கூறுகள் தங்கள் உள்ளூர் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதி) சிதைந்ததா என்று பார்க்கும் நிரலைக் கம்பைலர் தானே செருகும். சிதைந்தால் அழைக்க வேண்டிய செயற்கூறு உங்களிடம் இல்லாததால் “ஸ்டாக் செக் ஃபெயில்” என்ற பெயரைக் காணோம் என்று லிங்கர் புகார் சொல்லும். எஃப்-நோ-பை என்பது, எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய நிரலாக ஆக்காதே என்பது. பயனர் நிரல்களுக்கு அது நல்ல பாதுகாப்பு, உபுண்டு 16.10 முதல் அதுவே 64 பிட் கம்பைலரின் இயல்பமைவு. உங்கள் கர்னலுக்கோ நீங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் எழுதிய முகவரி ஒன்றுதான்.

ஒரு யோசனை: ஐ686-எல்ஃப் என்ற இலக்குக்குத் தனியாக ஒரு கிராஸ் கம்பைலரைக் கட்டிக்கொள்ளுங்கள். வழங்கலின் இயல்பமைவுகள் அதற்குள் வராது. உங்கள் வரியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். கல்லூரி ஆய்வகக் கணினியில் கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் மட்டும் இந்த நீண்ட வரியோடு காலம் தள்ளலாம்.

*

கேள்வி: 64 பிட் கர்னல். டைமர் குறுக்கீட்டை இயக்காதவரை எல்லாம் சரி. இயக்கியதும், ஒரு செயற்கூறுக்குள் உள்ள உள்ளூர் மாறிகள் சில சமயம் தாமாக மாறிவிடுகின்றன. எங்கே என்று சொல்ல முடியாதபடி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம். குறுக்கீட்டு நிரலில் எல்லா ரெஜிஸ்டர்களையும் (பிராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) சேமித்து மீட்கிறேன்; அதைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.
– வாசகர், வில்லியனூர்

பதில்: உங்கள் குறுக்கீட்டு நிரலை நீங்கள் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய மேக்ஃபைலில் எம்-நோ-ரெட்-ஜோன் இல்லை.

லினக்ஸ் முதலியவை பின்பற்றும் 64 பிட் அழைப்பு ஒப்பந்தத்தில், ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே 128 பைட் அளவுள்ள இடம் ஒன்று ‘ரெட் ஜோன்’ என்று விடப்பட்டிருக்கிறது. வேறு எந்தச் செயற்கூறையும் அழைக்காத சிறு செயற்கூறு, தன் உள்ளூர் மாறிகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக் பாயின்டரை இறக்கி இடம் ஒதுக்க வேண்டியதில்லை, இரண்டு கட்டளைகள் மிச்சம். பேருந்தில் துண்டு போடாமலே இடம் பிடிப்பதைப் போன்றது இது: வேறு யாரும் ஏற மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் துண்டு தேவையில்லை.

கர்னலுக்குள் அந்த உறுதி கிடையாது. குறுக்கீடு (ஓடும் நிரலை நிறுத்திக் கவனம் கோரும் சாதனச் சைகை) வந்த கணத்தில் பிராசஸர், ஸ்டாக் பாயின்டர் காட்டும் இடத்துக்குக் கீழே ஐந்து மதிப்புகளைத் தானாகவே எழுதுகிறது: எஸ்எஸ், பழைய ஸ்டாக் பாயின்டர், கொடிகள், சிஎஸ், திரும்ப வேண்டிய முகவரி. ஒவ்வொன்றும் 8 பைட். மொத்தம் 40 பைட். அதன்பின் நீங்கள் சேமிக்கும் ரெஜிஸ்டர்கள் இன்னும் கீழே போகின்றன. இவை எல்லாம் விழுவது ரெட் ஜோனின்மேல்தான். நீங்கள் ரெஜிஸ்டர்களை எவ்வளவு கவனமாக மீட்டாலும், அழிந்தது ரெஜிஸ்டர் அல்ல, ஸ்டாக்கின் கீழே இருந்த மாறி. பயனர் நிரல்களுக்கு இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அங்கிருந்து குறுக்கீடு நேரும்போது பிராசஸர் கர்னலின் வேறொரு ஸ்டாக்குக்கு மாறிவிடுகிறது. சிக்னல் அனுப்பும்போது லினக்ஸ் கர்னல் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் எழுதுகிறது.

நீங்களே பார்த்து உறுதிசெய்ய வழி உண்டு. ஆப்ஜ்டம்ப் கருவியால் அந்தச் செயற்கூறின் இயந்திரக் கட்டளைகளை அச்சிடுங்கள். தொடக்கத்தில் ஸ்டாக் பாயின்டரான ஆர்எஸ்பி ரெஜிஸ்டரிலிருந்து எதையும் கழிக்காமல், ஸ்டாக்கில் அந்தச் செயற்கூறின் அடித்தளத்தைக் காட்டும் ஆர்பிபி-க்கு 4 பைட், 20 பைட் கீழே என்று மாறிகள் எழுதப்படுவதைக் காண்பீர்கள். எம்-நோ-ரெட்-ஜோன் கொடுத்து மீண்டும் கம்பைல் செய்தால் அதே இடத்தில் கழித்தல் கட்டளை ஒன்று முளைத்திருக்கும். மேக்ஃபைலில் ஒரு கோப்புக்கு மட்டும் சேர்த்தால் போதாது. கர்னலின் எல்லாக் கோப்புகளுக்கும், நீங்கள் இணைக்கும் லிப்-ஜிசிசிக்கும் இது பொருந்த வேண்டும். 32 பிட்டில் ரெட் ஜோன் என்பதே இல்லாததால் லாஸ்பேட்டை மாணவிக்கு இது தேவைப்படவில்லை.

*

கேள்வி: கர்னலை உயர் முகவரிக்கு மாற்றினேன். இப்போது லிங்கர் “ரீலொக்கேஷன் ட்ரங்கேட்டட் டு ஃபிட்” என்கிறது.
– வாசகர், காலாப்பட்டு

பதில்: குறியீடுகள் எல்லாம் முதல் 2 ஜிபி-க்குள் இருக்கும் என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு 32 பிட்டில் முகவரிகளை எழுதியிருக்கிறது. எம்-சிமாடல் என்பதற்குக் ‘கர்னல்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். ஆனால் அது முகவரி வெளியின் கடைசி 2 ஜிபி-க்கு மட்டுமே செல்லும். உங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் உள்ள முகவரி அதற்கும் கீழே இருக்கிறது. அதையும் மேலே நகர்த்த வேண்டும்.

*

கேள்வி: மெம்செட்டை நானே எழுதினேன், மூன்று வரி, ஒரு சுழற்சி மட்டும். ஓ1-இல் சரியாக ஓடுகிறது. ஓ3 கொடுத்தால் கர்னல் முதல் மெம்செட்டிலேயே நின்றுவிடுகிறது. மூன்று வரியில் என்ன தவறு இருக்க முடியும்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மூன்று வரியிலும் தவறில்லை. ஓர் இடத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் சுழற்சியைக் கண்டதும் கம்பைலர், “இது மெம்செட் அல்லவா” என்று அடையாளம் கண்டு, அந்தச் சுழற்சியை எடுத்துவிட்டு மெம்செட்டுக்கு ஓர் அழைப்பை வைத்துவிடுகிறது. அந்தச் சுழற்சி இருந்ததோ மெம்செட்டுக்குள்ளேயே. ஆக, உங்கள் மெம்செட் இப்போது தன்னையே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றுகிறது. ஆப்ஜ்டம்பில் பார்த்தால் மெம்செட் என்ற தலைப்பின்கீழ் மெம்செட்டுக்கே ஒரு கால் அல்லது ஜம்ப் கட்டளை இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

எஃப்-ஃப்ரீஸ்டாண்டிங் இதைத் தடுக்காது. அந்த நான்கு செயற்கூறுகளும் இருக்கும் என்பதுதான் தனித்த சூழலிலும் ஜிசிசியின் நிபந்தனை என்று மேலே சொன்னோம். அந்த நான்கும் உள்ள கோப்புக்கு மட்டும் எஃப்-நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ் என்ற நீண்ட பெயருள்ள ஆப்ஷனைக் கொடுங்கள். எக்ஸ்86 என்பதால், ரெப் ஸ்டாஸ்பி என்ற ஒரே கட்டளையை இன்லைன் அசெம்பிளியில் (சி நிரலுக்குள்ளேயே இயந்திரக் கட்டளை எழுதும் முறை) எழுதிவிடுவது எங்களுக்கு இன்னும் பிடித்த வழி. எந்தப் பதிப்புக் கம்பைலரும் அதில் கைவைக்காது.

*

கேள்வி: ஓ0-வில் ஓடும் கர்னல் ஓ2-வில் ஓடவில்லை. கம்பைலரில் பிழை இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஓ0-விலேயே இருந்துவிட்டால் என்ன?
– வாசகர், நெய்வேலி

பதில்: கம்பைலரில் பிழைகள் உண்டு. ஆனால் தொடக்கநிலைக் கர்னல் ஒன்று ஓ2-வில் விழுந்தால் அதற்குக் கம்பைலர் காரணமாக இருப்பது மிக அரிது. ஓ0 என்பது பிழையை மூடி வைக்கும் இடம். அங்கேயே தங்குவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. லினக்ஸ் கர்னலை ஓ0-வில் கட்டவே முடியாது; தேவையற்ற கிளைகளைக் கம்பைலர் நீக்கும், சிறு செயற்கூறுகளை இடத்திலேயே விரிக்கும் என்பதை நம்பியே அதன் பல பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய நிரலில் காத்திருக்கும் சுழற்சி ஒன்று இருக்கிறது: டைமர் எண்ணிக்கை 100-ஐத் தொடும்வரை சும்மா சுற்றுகிறது. அந்த எண்ணிக்கையைக் கூட்டுவது குறுக்கீட்டு நிரல். சுழற்சிக்குள் அந்த மாறியை யாரும் மாற்றவில்லை என்று கம்பைலர் காண்பதால், ஓ2-வில் அதை ஒரேயொரு முறை ரெஜிஸ்டருக்குள் வாசித்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஒப்பிடுகிறது. மாறியை வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே வாசி) என்று அறிவித்தால் சரியாகிவிடும். அதுபோல, குறுக்கீட்டை நிறுத்தும் சிஎல்ஐ, திறக்கும் எஸ்டிஐ ஆகிய இன்லைன் அசெம்பிளி வரிகளில் ‘மெமரி’ என்ற குறிப்பைச் சேருங்கள். இல்லாவிட்டால் அவற்றுக்கிடையே பாதுகாப்பாக இருப்பதாக நீங்கள் நினைக்கும் எழுத்தும் வாசிப்பும் வெளியே நகர்த்தப்படலாம். இவை நிரலில் திருத்த வேண்டியவை; ஆப்ஷனால் மூடக் கூடாதவை.

ஆனால் ஆப்ஷனாலேயே தீர்க்க வேண்டியவையும் உண்டு. 2009-இல் லினக்ஸில் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் வெளிப்பட்ட ஓட்டை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே ஒரு சுட்டு (பாயின்டர்) காட்டும் இடத்தில் இருக்கும் மதிப்பை முதல் வரியில் எடுத்துவிட்டு, அந்தச் சுட்டு வெறுமையா என்ற சோதனையைச் சில வரிகள் கழித்து வைத்திருந்தார்கள். சி மொழியில் வெறுமைச் சுட்டின்வழி வாசிப்பது வரையறுக்கப்படாத செயல்; ஆகவே, ஏற்கெனவே வாசித்துவிட்டதால் அது வெறுமையாக இருக்க முடியாது என்று கம்பைலர் முடிவுகட்டிப் பின்னால் இருந்த சோதனையையே நீக்கிவிட்டது. பயனர் நிரலாக இருந்தால் அந்த முதல் வாசிப்பிலேயே நிரல் விழுந்திருக்கும். கர்னலிலோ பூஜ்ய முகவரியிலும் பக்கம் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. தாக்குகிறவர் அங்கே தன் தரவை வைத்துவிட்டால் அவ்வளவுதான். அதன்பின் எஃப்-நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ் லினக்ஸின் மேக்ஃபைலில் சேர்ந்தது. உங்கள் கர்னலில் பூஜ்யப் பக்கம் மேப் செய்யப்பட்டே இருப்பதால் நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்-நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங் என்பதையும் லினக்ஸ் வைத்திருக்கிறது. வெவ்வேறு வகைச் சுட்டுகள் ஒரே இடத்தைக் காட்டாது என்ற அனுமானத்தை அது திரும்பப் பெறுகிறது. ஒரே நினைவகத்தை ஓரிடத்தில் பைட்டுகளாகவும் வேறோர் இடத்தில் 32 பிட் எண்ணாகவும் வாசிக்கும் பழக்கம் கர்னல் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் நிரலிலும் இருக்கிறது.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள்: பிழைச் செய்தியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பாமல் எழுத்தாக அனுப்புங்கள். நெய்வேலி வாசகரின் படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தேவையான பெயர் அங்கேதான் இருந்தது.

*

கேள்வி: ராஸ்பெரி பை 3-இல் 64 பிட்டில் நேரடியாக ஓடும் சிறு கர்னல் எழுதுகிறேன். சீரியல் வழியாக ஓர் எழுத்தை அனுப்ப முடிகிறது. ஆனால் பிரின்ட்எஃப் போல நான் எழுதிய செயற்கூறை அழைத்தாலே நின்றுவிடுகிறது. அதில் பதின்மப் புள்ளி எண் எதையும் நான் கையாளவில்லை.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நீங்கள் கையாளவில்லை, கம்பைலர் கையாளுகிறது. எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாத செயற்கூறில், பதின்ம எண்ணும் வரக்கூடும் என்று கருதிய கம்பைலர், தொடக்கத்திலேயே கியூ0 முதல் கியூ7 வரையுள்ள எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் சேமிக்கும் கட்டளைகளை வைக்கிறது. அந்த ரெஜிஸ்டர்களைத் தொட நீங்கள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. சிபிஏசிஆர் ரெஜிஸ்டரில் அதற்கான பிட்டுகளை எழுதாதவரை ஒவ்வொரு தொடுகையும் எக்ஸெப்ஷனில் (பிராசஸர் எழுப்பும் பிழை நிலை) முடியும். அதைப் பிடிக்கும் நிரலும் இல்லாததால் எந்தச் செய்தியும் இல்லாமல் நிற்கிறது.

எம்-ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி என்று கொடுங்கள். அனுமதி பிட்டுகளை எழுதி அந்த ரெஜிஸ்டர்களைத் திறந்துவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு குறுக்கீட்டிலும் அவை அனைத்தையும் சேமித்து மீட்க வேண்டிய கடன் வந்துசேரும். கர்னலுக்குள் அவை தேவையில்லை. எக்ஸ்86-இலும் இதே கதைதான்: 64 பிட் ஜிசிசி இயல்பாகவே, பல எண்களை ஒருசேரக் கையாளும் எஸ்எஸ்இ ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்துகிறது, ஒரு ஸ்ட்ரக்சரைப் பூஜ்யமாக்கக்கூட. அதனால்தான் லினக்ஸ் தன் கர்னலை எம்-நோ-எஸ்எஸ்இ, எம்-நோ-எம்எம்எக்ஸ் போன்றவற்றோடு கட்டுகிறது. தேவைப்படும் ஒருசில இடங்களில் மட்டும் தனியாக அறிவித்துத் திறந்து மூடுகிறது.

இதைச் சரிசெய்ததும் நீங்கள் சந்திக்கப்போகும் அடுத்த தடையையும் சொல்லிவிடுகிறோம். எம்எம்யூவை (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் பகுதி) இயக்காதவரை ஆர்ம் பிராசஸர் நினைவகம் முழுவதையும் சாதன நினைவகமாகக் கருதுகிறது. அங்கே எண்ணின் அளவுக்குப் பொருந்தாத முகவரியில் வாசித்தால் உடனே எக்ஸெப்ஷன். உங்கள் நிரலில் பேக்டு என்று குறித்த ஸ்ட்ரக்சரில் ஒற்றை பைட்டை அடுத்து 32 பிட் எண் வருகிறது. அங்கே அது நேரும். எம்-ஸ்ட்ரிக்ட்-அலைன் கொடுத்தால் கம்பைலர் அதைத் துண்டு துண்டாக வாசித்துச் சேர்க்கும்.

*

கேள்வி: லினக்ஸ் கர்னலையே என் மடிக்கணினியில் கட்டப்போகிறேன். ஓ3, மார்ச்-நேடிவ் இரண்டும் கொடுத்தால் வேகம் கூடுமா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: உணரும் அளவுக்குக் கூடாது. கர்னல் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி நினைவகத்துக்கும் சாதனங்களுக்கும் காத்திருப்பது. மேலும், இந்தக் கணினியின் பிராசஸருக்கு உரிய கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லும் மார்ச்-நேடிவால் பெரிதும் பயனடையும் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகள் கர்னலுக்குள் அடைக்கப்பட்டே இருக்கின்றன. கர்னலின் அமைவுகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் ஓ2, அளவைக் குறைக்கும் ஓஎஸ் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்; ஓ2-விலேயே விடுங்கள். சோதித்துப் பார்த்தே தீர வேண்டுமென்றால் மேக்ஃபைலைத் திருத்தாமல் கேசிஃப்ளாக்ஸ் என்ற மாறியின் வழியாக மேக் கட்டளையோடு கொடுங்கள். அப்படிக் கட்டிய கர்னலைப் பழைய கணினி ஒன்றில் போட்டால் அது தொடங்காமலே போகலாம்.

உங்களுக்கு உண்மையில் பயன்படுவது லோக்கல்-மாட்-கான்ஃபிக். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடும். கட்டும் நேரம் பல மடங்கு குறையும். அதை இயக்குவதற்கு முன் பிரின்டர், பென் டிரைவ், யூஎஸ்பி நெட்வொர்க் என நீங்கள் எப்போதாவது பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள்; செருகாதவற்றின் டிரைவர் புதிய கர்னலில் இருக்காது.

*

கேள்வி: க்ரப் என் கர்னலில் மல்டிபூட் தலைப்பு இல்லை என்கிறது. அசெம்பிளி கோப்பில் முதலாவதாகவே வைத்திருக்கிறேன்.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: க்ரப் போன்ற பூட்லோடர் (கர்னலை ஏற்றித் தொடங்கி வைக்கும் நிரல்) கர்னலை அடையாளம் காணத் தேடுவது மல்டிபூட் தலைப்பு. மல்டிபூட்டின் முதல் பதிப்பில் அந்தத் தலைப்பு கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் வர வேண்டும். உங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் பெயர் சொல்லப்படாத பில்டு-ஐடி (கட்டிய கோப்பின் அடையாள எண்) குறிப்புப் பகுதியை லிங்கர் தானாக அதற்கு முன்னால் வைத்துவிட்டது. அதன் பின்னுள்ள பகுதி பக்க எல்லைக்குத் தள்ளப்பட்டதில் தலைப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. லிங்கருக்குப் பில்டு-ஐடி வேண்டாம் என்று சொல்லுங்கள். மேக்ஸ்-பேஜ்-சைஸ் 4096 என்றும் கொடுங்கள். பின்னர் ரீட்எல்ஃப் கருவியால் முதல் பகுதி கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு க்ரப்புக்குப் போகலாம்.